பின் சீட்டைக் கேட்டீர்களா?

நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற வியாதிகளில், சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் அடுத்ததாக இன்னொன்று இருக்கிறது. டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. மனைவி ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிடுவார். பதினோரு மணிக்கு மேல், செல்போனை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு, பெரிய பெரிய மோட்டார் சைக்கிள் படமாகப் பார்ப்பது!

எனக்கு அது வந்து ஆறு மாதம் ஆயிற்று.

மூல காரணம் 2003-ல் இருக்கிறது. அந்த வருடம்தான் 'கரிஷ்மா' வந்தது. 223 சி.சி., கிட்டத்தட்ட பதினேழு குதிரைசக்தி, 15 லிட்டர் டேங்க். தெருவெல்லாம் நூறு சி.சி. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசில், ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று அதை நான் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லிட்டருக்கு எவ்வளவுடா குடுக்கும்?" உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மறுவாரம் வீட்டுக்கு நூறு சி.சி. வண்டி வந்தது.

அப்பா இப்போது இல்லை. கோவில்பட்டியில் அம்மா தனியாக இருக்கிறார். பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகலாம் என்றால் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கிறது. அப்போதுதான் தோன்றியது... வண்டியிலேயே போனால் என்ன? அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் திருச்சியில் ஒரு ராத்திரி தங்கினால் போச்சு.

வேகமும் வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்து போகவும் வேண்டும். இந்த ஆசைக்காகவே ஒரு ஜாதி வண்டி இருக்கிறது. 'ஸ்போர்ட் டூரர்' என்பார்கள். 1976-ல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட 'ஆர்.100 ஆர்.எஸ்.'ஸைத்தான் பலரும் இந்த ஜாதியின் மூதாதை என்கிறார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி, காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரிசோதித்துச் செய்த முன் கவசம் அதற்கு. 1990-ல் வந்த ஹோண்டா 'எஸ்.டி.1100'க்கு டேங்க் மட்டும் 28 லிட்டர்! நம்ம ஊர் பஜ்ஜெட்டில் அதெல்லாம் கண்ணால் பார்த்துக் கும்பிடத்தான். ரெண்டு லட்சத்தைச் சுற்றி இருக்கிற சங்கதிக்கு வருவோம்.

ரெண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று பஜாஜ் 'டாமினார் 400', 2019-ல் வந்த மாடல். இன்னொன்று டி.வி.எஸ். 'அப்பாச்சி ஆர்.ஆர்.310', 2020-ல் வந்த மாடல். ரெண்டுமே செகண்ட் ஹேண்ட்தான். ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே விலை இறங்கிவிடுகிற பொருளைப் புதுசாக வாங்காதே என்று காமர்ஸ் வாத்தியார் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆர்.ஆர்.-ஐ டூரர் என்று டி.வி.எஸ்.காரர்களே விற்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். அது ரேஸ் டிராக்கை நினைத்துச் செய்த வண்டி. ஆனால், 2020 மாடலில் நாலு விதமாக ஓட்டுகிற 'மோடு' கொடுத்தார்கள். மழைக்கு ஒன்று, ஊருக்குள் ஓட்ட ஒன்று, ஸ்போர்ட்டுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. டயர் மிஷலின் 'ரோடு 5'. இது நெடும்பயண வண்டிகளுக்கென்றே செய்கிற டயர். நம் பையன்கள் அதில் பையைக் கட்டிக்கொண்டு லடாக் வரைக்கும் போய் வருகிறார்கள். ஆக, பந்தியில் அதற்கும் ஓர் இலை போடலாம்.

எக்செல்லைத் திறந்தேன். கணக்குப்பிள்ளை புத்தி போகுமா?

டாமினார்: 373 சி.சி., 40 குதிரைசக்தி, இழுவிசை 35 நியூட்டன் மீட்டர், எடை 184.5 கிலோ, டேங்க் 13 லிட்டர். ஆர்.ஆர்.: 312 சி.சி., 34 குதிரைசக்தி, இழுவிசை 27.3, எடை 174 கிலோ, டேங்க் 11 லிட்டர். வந்த புதுசில் ஷோரூம் விலை டாமினாருக்கு 1.74 லட்சம், ஆர்.ஆர்.-க்கு 2.40 லட்சம். வகுத்துப் பார்த்தால், ஒரு குதிரையின் விலை டாமினாரில் 4,350 ரூபாய். ஆர்.ஆர்.-இல் ஏழாயிரத்துச் சொச்சம். குதிரைச் சந்தையில் டாமினார்தான் மலிவு. கேஸ் முடிந்தது என்று மூடி வைத்துவிடலாம் இல்லையா?

முடியவில்லை. ஏனென்றால், மனசு முழுக்க ஆர்.ஆர்.-இல் இருந்தது. சுறா மாதிரி மூக்கு, சிவப்பு நிறம்... 2003-ல் கண்ணாடிக்கு உள்ளே நின்ற வண்டியின் தம்பி மாதிரியே இருந்தது. மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எக்செல்லும் அந்தப் பக்கம் சாயும். 'எடை குறைவு' என்ற கட்டத்துக்கு மார்க்கைக் கூட்டினேன். 'டேங்க் கொள்ளளவு' என்ற கட்டத்தையே அழித்தேன். ஆடிட்டிங்கில் இதற்கு வேறு பெயர் உண்டு. இங்கே சொன்னால் அசிங்கம்.

வண்டிகளை ஒப்பிட்டு எழுதுகிற கட்டுரைகளை ஒரு ஐம்பதாவது படித்திருப்பேன். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பின்னால் உட்கார்ந்தவருக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் இடுப்பு வலித்தது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை! ஓட்டுகிறவர் தனி ஆள், காலி ரோடு, நல்ல வெயில். நாம் போகப்போவது அப்படியா?

விளம்பரங்களும் இதே கதைதான். 2017-ல் டாமினாருக்கு வந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் போட்ட ஆட்கள் வண்டிக்குப் பதில் யானை மேல் உட்கார்ந்து திண்டாடுவார்கள். 'ஹாத்தி மத் பாலோ', அதாவது யானையை வளர்க்காதீர்கள் என்பது வாசகம். என்ஃபீல்டைத்தான் இடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் பாட்டிகள் எப்போதோ சொன்னதுதான். தமாஷ் என்னவென்றால், கேலி செய்த வண்டியின் எடையே 182 கிலோ! கேலிக்கு ஆளான யானை அதைவிடப் பத்துக் கிலோதான் கூடுதல். அடுத்தவன் வண்டியில் என்ன குறை என்று சொன்னார்களே தவிர, என் வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறார்கள் என்று கேட்கவில்லை.

சரி, ஓட்டித்தான் பார்ப்போமே என்று முடிவு செய்தேன். விற்கிறவர்கள் தெருமுனை வரைக்கும்தான் விடுவார்கள். ரெண்டு நிமிஷத்தில் எல்லா வண்டியும் சொர்க்கம்தான். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் ஆர்.ஆர். இருந்தது. மைத்துனரின் சிநேகிதரிடம் டாமினார். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கினேன். ரூட் ஒன்றேதான். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புதல்.

முதல் ஞாயிறு ஆர்.ஆர். தனியாகத்தான் போனேன். என்ன சொல்ல! செங்கல்பட்டு தாண்டி ரோடு விரிகிற இடத்தில் டேங்க் மேல் லேசாகக் குனிந்தால், முன்கவசம் காற்றை அப்படியே தோளுக்கு மேலே தள்ளிவிடுகிறது. மூதாதை ஆர்.100 ஆர்.எஸ். எதற்காகக் காற்றுச் சுரங்கத்துக்குப் போனது என்று அங்கே புரிந்தது. வளைவில் படுக்கவைத்தால் நூல் பிடித்த மாதிரி திரும்புகிறது. பி.எம்.டபிள்யூ.வும் டி.வி.எஸ்.ஸும் 2013-ல் கைகுலுக்கியதில் பிறந்த இன்ஜின். சிலிண்டரைப் பின்பக்கமாகச் சாய்த்து, காற்று முன்னாலிருந்து நுழைந்து புகை பின்னால் போகிற மாதிரி, வழக்கத்துக்குத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அதனால் பின் சக்கரத்தைத் தாங்குகிற கையை நீளமாக வைக்க முடிந்தது. வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு போவதில் அதற்கும் பங்கு உண்டு. ஓசூரில் இப்படி ஒன்றைச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

வீட்டுக்கு வந்ததும் "இதுதான்!" என்றேன்.

"எதுதான்?" என்றார் வீட்டுக்காரி.

"வாங்கப்போற வண்டி."

"நான் எங்க உக்காரணும்?"

காட்டினேன். ஆர்.ஆர்.-இல் பின் சீட் தனி. ஓட்டுகிறவர் கீழே, பின்னால் இருப்பவர் மாடியில். ரேஸ் வண்டிக்கு அதுதான் லட்சணம். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் முன்னால் குனிந்தேன். "ஏங்க, உங்க ஹெல்மெட்டுக்கு மேல ரோடு நல்லாத் தெரியுது. ஆனா நான் எதைப் புடிச்சுக்கறது? பை எங்க போகும்? அத்தைக்கு வாங்கற அல்வா எங்க போகும்?" என்றார். வேளச்சேரி வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வந்தோம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் என் முதுகின் மேல் சரிந்தார், நான் டேங்கின் மேல் சரிந்தேன். இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். பதினெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு டாமினார். இந்தத் தடவை ரெண்டு பேரும்.

நகரத்துக்குள் வண்டி கனக்கிறது. எங்கள் சந்தில் யூ டர்ன் போடும்போது அந்தப் பத்துக் கிலோ தெரியத்தான் செய்தது. இதன் இன்ஜினுக்கும் வெளிநாட்டுச் சொந்தம் உண்டு. கே.டி.எம். 390-இன் சிலிண்டர் அளவுதான். 2016-ல் அதை ஒற்றை கேம்ஷாஃப்ட் வைத்துச் சாந்தப்படுத்தி இறக்கினார்கள். 2019-ல் மறுபடி ரெட்டைக் கேம்ஷாஃப்ட் கொடுத்து 40 குதிரைக்கு ஏற்றினார்கள். முரடன் வீட்டுப் பையன், ஆனால் தாத்தா பாட்டி வளர்ப்பு மாதிரி.

குதிரைசக்திக்கும் இழுவிசைக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் குழம்புகிறார்கள். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். குதிரைசக்தி என்பது கம்பெனியின் டர்ன்ஓவர். போர்டில் எழுதி வைக்க நன்றாக இருக்கும். இழுவிசை என்பது கல்லாவில் இருக்கிற ரொக்கம். அவசரத்துக்கு அதுதான் உதவும். மேல்மருவத்தூர் தாண்டி முன்னால் ரெண்டு லாரி. நான், மனைவி, ஒரு பை... எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பத்தைந்து கிலோ பாரம். கியரைக் குறைக்காமல் திருகினேன். டாமினார் முனகாமல் இழுத்துக்கொண்டு முன்னால் போனது. 35 நியூட்டன் மீட்டரை அது 7,000 சுற்றில் தருகிறது. ஆர்.ஆர். தன் 27.3-ஐ 7,700 சுற்றில் தருகிறது. தனியாகப் போகும்போது இந்த வித்தியாசம் காகிதத்தில்தான். ரெண்டு பேர் உட்கார்ந்தால் முதுகில் தெரியும்.

காற்று? அங்கே டாமினார் தோற்றது. அந்த வருடத்து மாடலில் முன்கவசம் கிடையாது. எண்பதில் போனாலே நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. 2021-ல் கண்ணாடி, லக்கேஜ் ரேக், கைக்கவசம் எல்லாவற்றையும் கம்பெனியே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு கண்ணாடிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள். வளைவிலும் ஆர்.ஆர்.-இன் சுறுசுறுப்பு இதற்கு வராது.

ஆனால், திண்டிவனத்தில் இறங்கியதும் மனைவி சொன்னது இது: "தூக்கம் வந்துச்சுங்க." சோஃபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம்! ஒப்பீட்டுக் கட்டுரை எதிலும் இப்படி ஒரு மார்க் கிடையாது.

மைலேஜ் கணக்கைச் சொல்லாவிட்டால் அப்பா கனவில் வருவார். டேங்க் நிரப்பி அளந்ததில் எனக்கு டாமினார் லிட்டருக்கு 29, ஆர்.ஆர். 32. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 32 காசு வித்தியாசம். வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரெண்டாயிரம் ரூபாய்கூட ஆகாது. அப்பாவின் கேள்வி நூறு சி.சி.க்குச் சரி. இங்கே அது முடிவை மாற்றாது.

உச்ச வேகமும் மாற்றாது. ஆர்.ஆர். ஸ்போர்ட் மோடில் 160 போகும் என்கிறது கம்பெனி. ஆனால், 2018-ல் மத்திய அரசு போட்ட அறிவிப்புப்படி நாலு வழிச்சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு உச்சவரம்பே 80. மீதி எண்பதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? மழை மோடிலும் ஊர் மோடிலும் ஆர்.ஆர். 25.8 குதிரையோடு அடங்கி ஓடுகிறது. நம் வரம்புக்குள் போக அதுவே போதும்.

ஆக, விமர்சனத் தீர்ப்பு என்ன?

ஆர்.ஆர்.310 நல்ல வண்டி. தனியாகப் போகிறீர்களா, மலைப்பாதை பிடிக்குமா, முதுகு நல்ல நிலையில் இருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். டாமினார் 400-உம் நல்ல வண்டி. நேர் ரோடு, நீண்ட நாள், பின்னால் ஓர் ஆள், ரெண்டு பை என்றால் இதுதான். முதல் மணி நேரத்தில் ஜெயிப்பது ஆர்.ஆர். ஐந்தாவது மணி நேரத்தில் ஜெயிப்பது டாமினார். நம் கண் வாங்குவது முதல் மணி நேரத்தை. ஊருக்குப் போவதோ ஐந்தாவது மணி நேரத்தில்தான்.

புதுசாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வரிச் சமாசாரம். ஜி.எஸ்.டி. என்றதும் தாம்பரம் ரோடு ஞாபகம் வந்தால் மன்னிக்கவும், இது மற்றது! 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சி.சி. வரைக்கும் 18 சதவிகிதம், அதற்கு மேல் 40 சதவிகிதம் என்று மாற்றினார்கள். முன்னே இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூன்று சதவிகிதம்தான் வித்தியாசம். 312 ஒரு பக்கம், 373 இன்னொரு பக்கம். ஷோரூமில் 'ஆன் ரோடு' விலையை எழுதி வாங்கிவிட்டு மனசைக் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆட்களுக்கு வேறு பாடம். ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடன் முடிந்த என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-உம் கையில் வந்த பிறகுதான் அட்வான்ஸ். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருடம். 1820 என்றால் 2020-ன் பதினெட்டாவது வாரம். பிரேக் லீவர் நுனியில் தேய்ந்த தழும்பு இருந்தால், 'விழவே இல்லை சார்' என்பதை நம்பாதீர்கள். ஆர்.ஆர். மாதிரி முழுக் கவசம் போட்ட வண்டியில் பேனல் விரிசலை நன்றாகத் தேடுங்கள். மாற்றினால் கை சுடும்.

நான் டாமினார் வாங்கிவிட்டேன். பெரம்பூரில் ஒரு பெரியவரின் மகன் வெளிநாடு போகிறார் என்று கொடுத்தார்கள். கறுப்பு நிறம். முதல் பயணம் கோவில்பட்டிக்குத்தான். அம்மா வாசலுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்பா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை பதில் சொல்ல எனக்குப் பயமில்லை.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி பக்கம் டீக்கடை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். எதிரே ஒரு சிவப்பு ஆர்.ஆர். வந்து நின்றது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையன். நான் டீயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "பையன் படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா, அவனுக்கு வாங்கிக் குடுங்க. லிட்டருக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க."